விரலால் வாசித்த மழைக்காலம்

ஐப்பசி பிறந்தால் எனக்கு ஒரு தடித்த நாவல் வேண்டும். கோடையில் மதுரையில் உட்கார்ந்து புத்தகம் வாசிக்க முடியாது. வியர்வை பக்கத்தில் சொட்டும், மின்விசிறி நம்மைக் கேட்காமலே பக்கத்தைப் புரட்டிவிடும். அடைமழைக் காலம்தான் இந்த ஊரில் வாசிப்பதற்கென்று ஆண்டவர் ஒதுக்கிக் கொடுத்தது என்பது என் கட்சி. அதனால் வெயில் இருக்கும்போதே ஒரு புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்தைக்கூடத் திறக்காமல், பீரோவில் சேலைகளுக்கு நடுவே வைத்துவிடுவேன். முதல் பெரிய மழை பெய்து, விளாங்குடியில் எங்கள் தெரு சேறாகி, பள்ளிக்கூடம் விடுமுறை என்று டிவியில் ஓடும் நாளில் அதை வெளியே எடுப்பேன். கூடவே ஒரு டம்ளர் சுக்குக் காபி. இதைவிட மேலான இன்பம் ஒன்று உண்டென்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை.

போன வருடம் வாங்கிய நாவல், ஒரே கிணற்றுக்காகச் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்ட அக்கா தங்கையின் கதை. பின்னட்டையில் அவ்வளவுதான் போட்டிருந்தது. அதை பீரோவில் வைத்த சில நாட்களில், ஒரு காலை, செய்தித்தாளை விரித்தேன். வேறு ஏதோ மொழியில் அடித்திருந்தது.

"ஏங்க, பேப்பர்க்காரர் மாத்திப் போட்டுட்டாரு" என்றேன்.

என் கணவர் பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். பேப்பரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, கோளாறு பேப்பரில் இல்லை என்று.

மூளையில் சின்னதாக ஒரு ரத்த அடைப்பு. கை காலுக்கு ஒன்றுமில்லை, பேச்சுக்கு ஒன்றுமில்லை. வாசிப்பு மட்டும் போய்விட்டது. இதில் பெரிய வேடிக்கை, எழுத வந்தது. டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து ஏதாவது எழுதச் சொன்னார். மளமளவென்று இரண்டு வரி எழுதினேன். "இப்ப வாசிங்க" என்றார். என் கையெழுத்துதான், சற்று முன் நான் எழுதியதுதான். ஆனால் ஒரு எழுத்துகூட என்னவென்று தெரியவில்லை. கே.கே. நகரில் அந்த கிளினிக்கின் குளிரில் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"பேசுறீங்க, நடக்குறீங்க, எழுதுறீங்க. இதுவே பெரிய விஷயம்மா. வாசிப்பு வந்தா வரும். வராமலும் இருக்கலாம்" என்றார் டாக்டர்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்லி வைத்ததுபோல ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்றாம். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. எனக்கு வேண்டியதே அந்தத் தலைப்பாகைதான் என்று இவர்களுக்கு எப்படிச் சொல்வது? மிஷன் பள்ளியில் வரலாறு எடுக்கிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வாசகம் வாசிக்கிறவள். மளிகைச் சாமான் கட்டி வந்த தாளைக்கூட வாசிக்காமல் கீழே போட மாட்டேன். வாசிப்பை எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள் என்றால், அந்த மிச்சம் யார்?

மழை வந்தது. விடுமுறையும் விட்டார்கள். எனக்கோ பள்ளிக்கூடமே இல்லை, நீண்ட விடுப்பு. என் கணவர் தானாகவே பீரோவைத் திறந்து நாவலை எடுத்து வந்தார்.

"நான் வாசிக்கேன், நீ கேளு" என்றார்.

நல்ல மனசுதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் அவர் ஆபீஸில் கோப்பு பார்க்கிறவர். விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டி எதையும் வாசித்து நான் பார்த்ததில்லை. அக்கா கிணற்றடியில் நின்று அழுகிற இடத்தை, டெண்டர் அறிவிப்பு வாசிப்பதுபோல வாசித்தார். அதையாவது பொறுத்துக்கொண்டேன். இரண்டாம் நாள், பக்கங்கள் சீக்கிரம் சீக்கிரம் புரளும் சத்தம் கேட்டது.

"ஏங்க, தாண்டுறீங்களா?"

"மழை பெய்யிறத நாலு பக்கத்துக்கு எழுதி வச்சிருக்காரு. மழையத்தான் வெளிய பாக்குறியே."

"நாலு பக்கத்தையும் வாசிங்க."

"கதை நகரவே மாட்டேங்குது இவளே."

"குடுங்க இப்படி!"

புத்தகத்தைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன். இனி யாரும் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டாம், இதை முடிப்பதானால் நான்தான் முடிப்பேன் என்று சொன்னேன். எப்படி என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரம்தான் கல்லறைத் திருநாள் வந்தது. எங்களவர்கள் அன்றைக்குக் குடும்பத்தோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். முந்தைய நாளே புல்லைப் பிடுங்கி, கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, பேர் எழுத்துகளுக்குக் கறுப்பு பெயின்ட் தொட்டு வைத்துவிட வேண்டும். மறுநாள் செவ்வந்தி, மெழுகுவர்த்தி, சாம்பிராணி. மழைக்காலமானதால் எல்லாவற்றையும் குடைக்குள் வைத்தே செய்தாக வேண்டும். எங்களுடையது என் மாமியாருடைய கல்லறை. அவரும் நானும் கீரியும் பாம்பும் இல்லை என்றாலும், நான் புத்தகம் எடுத்தால் அவருக்கு ஆகாது. "புத்தகத்துல இருந்து தலையத் தூக்கு, பால் பொங்குது" என்பார். பாலும் பொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

முந்தைய நாள் போனபோது, கணவர் வாளியோடு தண்ணீர் பிடிக்கப் போனார். அவர் வருவதற்குள் பாதி வேலையை முடித்துக் காட்டுகிறேன் என்று நான் முன்னால் நடந்தேன். மழையில் புல் முழங்காலுக்கு வளர்ந்து கிடந்தது. வேப்ப மரத்துக்கு அடுத்தது எங்களுடையது. புல்லைப் பிடுங்கினேன், தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்தேன், மறுநாள்வரை பொறுக்காமல் கொண்டுபோன செவ்வந்தியில் ஒரு சரத்தைச் சிலுவையில் போட்டேன். ஏதோ இத்தனை நாளுக்குப் பிறகு உருப்படியாக ஒரு காரியம் செய்த திருப்தியில் இரண்டு சொட்டுக் கண்ணீரும் விட்டேன்.

"யாரும்மா நீ?"

திரும்பினேன். வெள்ளைச் சேலையில் ஒரு அம்மா, பின்னால் இரண்டு மகள்கள். கையில் வெள்ளையடிக்கும் மட்டை.

"மருமக" என்றேன்.

"மருமகளா? எங்களுக்கு மகனே கிடையாதே!"

பெண்கள் இருவரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். நான் சிலுவையில் போட்ட பூவைப் பார்த்தார்கள். அந்த அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

"எங்க வீட்டுக்காரருக்கு நீ என்ன வேணும்? உள்ளதச் சொல்லு."

மூத்தவள் கல்லைக் காட்டி, "பேருதான் இம்புட்டுப் பெரிசா போட்டிருக்குல்ல, பாத்துச் செய்யக் கூடாதா?" என்றாள்.

"பேரு இருக்கு. எனக்கு வாசிக்கத் தெரியல" என்றேன்.

வீட்டுக்கு வெளியே அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் முகம் சுட்டது. அந்த அம்மா என்னையே பார்த்தார்.

"பாத்தா டீச்சர் மாதிரி இருக்க தாயி?"

"டீச்சர்தான்."

அதற்குள் என் கணவர் வாளியோடு வந்து சேர்ந்தார். நான் நடந்ததைச் சொன்னேன், அவர் அடைப்பைப் பற்றிச் சொன்னார். அந்த அம்மா முதலில் உச்சுக் கொட்டினார். பிறகு மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார். "நாப்பது வருசம் குடும்பம் நடத்துனேன், கடைசியில இந்த மனுசன் மேல சந்தேகப்பட வச்சிட்டியே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மகள்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்துகொண்டுதான் இருந்தது.

மாமியார் பக்கத்துக் கல்லறையில் இருந்தார். ஒரே கொத்தனார் கட்டியிருப்பார் போல, இரண்டும் ஒரே அச்சு. நான் குனிந்து, செதுக்கிய எழுத்துகளுக்குள் அடைந்திருந்த மண்ணை ஆள்காட்டி விரலால் வழித்து எடுக்க ஆரம்பித்தேன். விரல் ஒரு எழுத்தின் பள்ளத்துக்குள்ளேயே போனது. வளைந்து, இறங்கி, சுழித்துத் திரும்பியது. "து" என்று வாய் சொன்னது. நான் நிமிர்ந்து கல்லைப் பார்த்தேன், கண்ணுக்கு அது வெறும் கோடு. மறுபடி விரலை வைத்தேன். து. அடுத்தது யி. அதற்கடுத்தது ல். துயில். "ஆண்டவரில் துயில்" என்று கல்லறைகளில் போடுவோமே, அந்தத் துயில்.

"ஏங்க! துயில்னு போட்டிருக்கா?"

வாளியோடு நின்ற என் கணவர் குனிந்து பார்த்தார். "ஆமா" என்றார். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கு என்று ஓயாமல் சொன்ன அந்த மாமியாரின் கல்லறை மேலேயே தலையை வைத்து நான் அழுதேன்.

டாக்டரிடம் போய்ச் சொன்னபோது, கண் வழி அடைத்துக்கொண்டாலும் கைக்குத் தெரிந்தது கையில் இருக்கும் என்றார். விடாமல் எழுதிப் பார்க்கச் சொன்னார். எவ்வளவு திரும்பி வரும் என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார். அவர் சொல்லாவிட்டால் போகிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பி வந்தேன்.

அன்றிலிருந்து என் ஆள்காட்டி விரல் சும்மா இருந்ததில்லை. எழுத்தைக் கண் பார்க்கும், விரல் தொடையின் மேல் அதை எழுதும், எழுதி முடித்த பிறகு வாய்க்குத் தெரியும் என்ன எழுத்தென்று. ஒரு சொல்லுக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் உலை கொதித்துவிடும். ஒரு நாள் சாயங்காலம் மழை விட்டதும் ஈசல் கிளம்பிவிட்டது. விளாங்குடியில் ஈசல் வந்தால் தெருவே விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடும். எதிர் வீட்டில் வயல்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்; அவர்கள் மட்டும் ஒரு விளக்கைப் பொருத்தி அடியில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்துப் பிடிப்பார்கள். மறுநாள் அரிசியோடு வறுத்து எங்களுக்கும் ஒரு கிண்ணம் வரும். நானும் கணவரும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். அவர் என் உள்ளங்கையை இழுத்து விரலால் ஏதோ எழுதினார். முதல் எழுத்து ப. அடுத்தது சி.

"பசியா? இப்பத்தான வடை தின்னீங்க?"

"வாசிச்சிட்டேல்ல" என்றார்.

விளக்கைப் போடும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். அநேகமாக எல்லாமே சாப்பாட்டுச் சாமான்தான்.

புத்தகப் பக்கம் இன்னும் கைக்கு அடங்கவில்லை. திறந்தால் திருவிழாக் கூட்டத்துக்குள் நிற்பதுபோல மூச்சு முட்டியது. துண்டுத் தாளாக இருந்தால் சமாளிக்க முடிந்தது. மழைக்காலத்தில் காளவாசலில் சூடாக வேர்க்கடலை வறுத்துத் தருகிற தள்ளுவண்டிக்காரர் ஒருவர், பழைய தாளைக் கூம்பாகச் சுருட்டித்தான் கொடுப்பார். ஆபீஸ் விட்டு வரும்போது கணவர் தினமும் ஒரு பொட்டலம் வாங்கி வருவார். அவர் கடலையைத் தின்பார், நான் தாளை வாசிப்பேன். அந்தக் கார்த்திகையில் நான் வாசித்ததைப்போல ருசியான சமாச்சாரங்களை எந்தக் காலத்திலும் வாசித்ததில்லை. ஆட்டுக்கு வரும் கால் நோய் பற்றிய நோட்டீஸில் பாதி. தொடர்கதை ஒன்றில் கதாநாயகி ரயிலில் ஏறுகிற பக்கம். ஏறினாளா, இறங்கிவிட்டாளா என்று இன்றுவரை தெரியாது. அசோகர் சாலையோரம் மரம் நட்டதைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒரு பிள்ளையின் விடைத்தாள். அதற்கு என் கை தானாக மதிப்பெண் போடப் போனது.

ஒரு நாள் மாலை நானும் அவரோடு போயிருந்தேன். வைகையில் தண்ணீர் போகிறது என்று கேள்விப்பட்டு, ஊரே செய்வதுபோல நாங்களும் பாலத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழி. கடலைக்காரர் பொட்டலம் மடிக்கப் போகும்போது என் கணவர் தடுத்தார்.

"அண்ணே, அந்தத் தாள் வேணாம். எழுத்து கொஞ்சம் பெரிசா இருக்கதா எடுங்க. கதையா இருந்தா நல்லது."

கடலைக்காரர் கரண்டியை வைத்துவிட்டு, "சார், ஒங்களுக்குக் கடலை வேணுமா, தாள் வேணுமா?" என்றார்.

"ரெண்டும்" என்றேன் நான்.

கார்த்திகைத் தீபத்தன்று எதிர் வீட்டிலிருந்து பொரி உருண்டையும் அப்பமும் வந்தன. அவர்கள் வாசல் முழுக்க அகல் வைத்திருந்தார்கள். தூறல் விழுந்து ஒன்றொன்றாக அணைய அணைய, அந்த வீட்டுப் பெண் சளைக்காமல் மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, பொரி உருண்டையைக் கடித்தபடி, நாவலைத் திறந்தேன். அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கவில்லை. முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.

அன்று ஒரு பத்தி. மறுநாள் இரண்டு. ஒரு நாள் தலைவலியில் ஒன்றுமே இல்லை, புத்தகத்தைத் தூக்கிக் கட்டிலில் வீசினேன். அதற்கடுத்த நாள் முக்கால் பக்கம். மழை வர்ணனை நாலு பக்கத்தையும் நனைந்து நனைந்து கடந்தேன். இப்போதும் கண் பழையபடி திரும்பவில்லை. விரலும் உதடும் சேர்ந்து இழுத்துப்போனால்தான் வரி நகரும். முன்பெல்லாம் ஒரு புத்தகத்தை ஒரே மூச்சில் விழுங்குவேன், பாதி மனதில் நிற்காது. இப்போது அக்கா ஒரு குடம் தண்ணீர் இறைத்தால், கயிறு என் கையிலும் உரசியது. இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. பழைய வேகம் திரும்பக் கிடைத்தால் இன்றைக்கே வாங்கிக்கொள்வேன். கிடைக்காதவரை இருப்பதை வைத்து முடிப்பதென்று உட்கார்ந்தேன்.

இதற்கு நடுவே என் கணவருக்கு ஒரு நோய் பிடித்துக்கொண்டது. கதை என்ன ஆயிற்று என்று தெரியாமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆபீஸிலிருந்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே, "இன்னைக்கு எம்புட்டுத் தூரம் வந்த?" என்பார், ஏதோ நான் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பதுபோல. வந்த தூரத்தைச் சொல்வேன். தங்கை வீட்டில் கல்யாணம், அக்காவுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. "அநியாயம்" என்பார். அக்கா மகன் கிணற்றில் தவறி விழுந்தான், தங்கை புருஷன்தான் குதித்துத் தூக்கினான். "அப்பவுமா ரெண்டும் பேசல?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். "யாரு முதல்ல பேசுவா? அக்காவா தங்கச்சியா? அக்கா பேச மாட்டா, திமிரு." புத்தகம் நாள் முழுக்க மேஜை மேல்தான் கிடக்கும். கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் பார்க்க அவருக்கு அரை நிமிடம் போதும். அவர் பார்க்கவில்லை என்பது, மறுநாளும் அதே கேள்வியை அதே அவசரத்தோடு கேட்டதிலேயே தெரிந்தது.

கடைசி அத்தியாயத்துக்கு வந்தது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்து ஞாயிறு ஒன்றில். பூசை முடிந்து, மட்டன் குழம்பு சாப்பிட்டு, வெளியே மழை இறங்கிக்கொண்டிருந்தது. "இதச் சத்தமா வாசிச்சிரு" என்றார். நான் ஒரு கண்டிஷன் போட்டேன். எத்தனை நேரமானாலும், எந்த எழுத்தில் நான் நின்றாலும், சொல்லிக்கொடுக்கக் கூடாது. சரி என்று பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, என் தோளை ஒட்டி உட்கார்ந்தார்.

வாசித்தேன். பக்கத்துக்கு ஒரு காபி என்ற கணக்கில் அவர் எழுந்து போய்ப் போய் வந்தார். எனக்கே என் குரல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் குரலாகத்தான் கேட்டது. நிறுத்தவில்லை. கடைசிப் பக்கத்தில், தூர்ந்துபோன கிணற்றுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கிழவிகள் வந்து நின்றார்கள். விரல் நுனி தொடைச் சேலையில் தேய்ந்து எரிந்தது. "முதலில்" என்று வாசித்தேன். வெகுநேரம் கழித்து, "வாய் திறந்து" என்று வாசித்தேன். பிறகு "கூப்பிட்டவள்." அடுத்து ஒரே ஒரு சொல்தான் பாக்கி. அதில் நின்றுவிட்டேன். எழுதிப் பார்த்தேன், வரவில்லை. மறுபடி எழுதினேன், கோடுகள் கலைந்து போயின.

அவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. உயிரைக் கொடுத்து வாசிக்கிறேன், இந்த மனுஷன் தூங்குகிறார்.

"தூங்கிட்டீங்களா?"

"இல்ல."

"பின்ன ஏன் கண்ண மூடிக்கிட்டு?"

"தொறந்தா கண்ணு தன்னால வாசிச்சிரும்" என்றார், கண்ணைத் திறக்காமலே. "ஒனக்கு முந்தி நான் போயிரக் கூடாதுல்ல. நீ சொல்லு. யாரு?"

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. எழுத்து இன்னும் மங்கியது. துடைத்துவிட்டு, அவர் உள்ளங்கையை இழுத்து, அதில் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதினேன். அவர் கையை அசைக்காமல் வைத்திருந்தார். கடைசி எழுத்து முடிந்தது.

"தங்கச்சி" என்றேன்.